எட்டாவது கேள்வி

21-8-98, வெள்ளி இரவு

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் பட்டறைக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரின் கார் ஓடும்போதே நின்றுவிடுகிறது. இன்ஜினை நடத்தும் எலக்ட்ரானிக் பெட்டியில் கோளாறா என்று பார்க்க, கோவை சித்தப்பா கொடுத்த கம்ப்யூட்டரைப் போட்டோம். அதில் இருக்கும் புரோகிராம் மெக்கானிக் மாதிரி யோசித்து இங்கிலீஷில் கேள்வி கேட்கும். நான் தமிழில் சொல்வேன். அப்பா வண்டியில் பார்த்துச் சொல்லும் பதிலை நான் அமுக்குவேன்.

எட்டாவது கேள்வி எனக்குப் புரியவில்லை. டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

"ஏட்டி, என்ன கேக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லி, 'ஆம்' என்று அமுக்கிவிட்டேன். பெட்டி போய்விட்டது, மாற்று என்று திரையில் வந்தது.

"பாப்பா என்னையவிட பெரிய டாக்டரால்ல இருக்கா!" என்று டாக்டர் சிரித்தார். புதுப் பெட்டி வாங்க நாளைக் காலையில் மதுரைக்குப் போகிறார்.

புரியாத வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதி வந்து அகராதியில் பார்த்தேன். பெட்டியின் எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறது. அந்த வயரை அப்பா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வயர் தளர்ந்துதான் வண்டி நிற்கிறதோ என்னவோ; பெட்டி நன்றாகவே இருக்கலாம்.

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், "நம்ம புள்ள இல்லன்னா இன்னைக்கு நான் முழிச்சிக்கிட்டுல்ல நின்னுருப்பேன்" என்றார். நான் இடது உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லி அப்பா அடித்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் இனிமேல் கேள்வி வாசிக்க என்னைக் கூப்பிடாமல் விட்டுவிட்டால்?

அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறது. திரும்பப் படுப்பதற்குள் போய்ச் சொல்ல வேண்டும். கையில் எழுதியதை இன்னும் கழுவவில்லை. அதைக் காட்டியே சொல்லிவிடுகிறேன்.