உன் நாவலில் வராத பஸ்

என் செல்ல விஜயாக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் பீரோவை இப்போதுதான் திறந்தோம். புடவைகளுக்கு அடியில் ஒரு முழு நாவல்! வக்கீல் ஆபீஸில் நீ டைப் அடித்து வீணான தாள்களின் பின்பக்கத்தில், உன் குண்டுக் கையெழுத்தில். ஒரே வீட்டில் இருந்தேனே, எனக்குத் தெரியாமல் எப்போது எழுதினாய்?

என்ன யோசனை உனக்கு! செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி நிற்கிறாள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேறு பஸ்ஸில் ஏறி வேறு வாழ்க்கை வாழ்கிறாள். படாளத்தில் இறங்கினால் விவசாயி பெண்டாட்டி. மாமியாரோடு தினம் மல்லுக்கட்டு. அணுபுரத்தில் டீச்சர். கேளம்பாக்கத்தில் வயல் ஓரமாக டைப்பிங் வகுப்பு வைக்கிறாள். அங்கெல்லாம் இப்போது ஃபிளாட்தான், அக்கா.

மாமல்லபுரம் பஸ் மட்டும் வரவே இல்லை. மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்தேன். அதை ஏன் விட்டாய் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. தொண்ணூற்று மூன்றில் அந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா சம்மதம் எழுதி, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, "கையில குடுத்துட்டு வாடா" என்று என்னை அனுப்பினார். காலேஜ் திமிர். முதலில் கடலில் ஒரு குளியல் என்று சட்டையோடு இறங்கிவிட்டேன். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. மையும் மஞ்சளும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. அழிந்த கடிதத்தை நல்ல காரியத்துக்கு எப்படி நீட்டுவது? திரும்பி வந்து, "குடுத்துட்டேம்பா" என்று புளுகினேன்.

அவர்கள் அப்புறம் வரவில்லை. அப்பாவும் வீம்பாக விட்டுவிட்டார். நீ பிறகு எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை. உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்தான் என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் புழுங்கினேன்.

அந்த ஒரு அத்தியாயத்தை நானே எழுதிச் சேர்த்து அச்சுக்குக் கொடுக்கலாம் என்றுதான் போன ஞாயிறு மாமல்லபுரம் போனேன். உனக்கு அங்கே என்ன வாழ்க்கை கிடைத்திருக்கும்? மாப்பிள்ளையாக வந்திருக்க வேண்டியவர் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்குக் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. கடிதக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா தம்பி, இதுக்கா இத்தினி வருசமா பேஜார் பட்டுகினு கீற? நாங்க பாத்துட்டு வந்த ரெண்டாம் நாளே உங்க அக்கா தனியா பஸ் ஏறி வந்திச்சுப்பா. 'எங்கப்பா சரின்னு எழுதினாலும் வராதீங்க, எனக்கு இஷ்டமில்ல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. ஏம்மான்னு கேட்டேன். சொல்லல. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சிட்டு அடுத்த பஸ்ல போயிடிச்சு."

அடிப்பாவி! உனக்கு என்னதான் வேண்டியிருந்தது? வேறு யாராவது மனசில் இருந்தாரா? தனியாக இருப்பதே பிடித்திருந்ததா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கடை வாசலிலேயே கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திரும்பும்போதுதான் புரிந்தது. நீ ஏறிப் பார்க்காத பஸ்களைத்தான் எழுதியிருக்கிறாய். இந்த பஸ்ஸில் நீ நிஜமாகவே ஏறி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய்.

புத்தகத்தைப் போடுகிறேன், அக்கா. நீ விட்டதை விட்டபடியே போடுகிறேன். என் கையால் ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

உன்னைக் கேட்காமலே உனக்காக இத்தனை வருஷம் வருத்தப்பட்ட
உன் தம்பி குமார்