சாயம் என்று நினைத்த இடம்

திருத்தணி
ஞாயிறு

அன்புள்ள உதயா,

உன் நைனா தலையில் இருந்த தொப்பி வெயிலுக்காக இல்லை. வீடியோ காலில் நீ கேட்டபோது அவர் பக்கத்திலேயே இருந்தார், சிரித்து மழுப்பிவிட்டேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத் தொடங்கி அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையில் நைனா மொட்டை போட்டுக்கொண்டார். மழித்தவர் பங்காரு. உச்சிக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. எனக்குத் தெரிந்த கறுப்புதான். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை அவர் தலைக்குச் சாயம் பூசுவது நான். தோலில் படிந்த சாயம் என்று ஒவ்வொரு முறையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். அன்றும் தேய்த்தேன். பங்காரு என் கையை மறித்து, தேய்க்காதீங்கம்மா, இது மேல ஒட்டினது இல்ல, உள்ளேர்ந்து வந்துகினு இருக்கு என்றார்.

சென்னையில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். மொட்டையில் பூசியிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குழலைப் பொருத்தி லேசர் ஒளியைச் செலுத்தினார். கத்தி இல்லை, ஊசி இல்லை. ஒளி தோலுக்குள் இறங்கித் திரும்பி, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டுமாம். நைனா சும்மா இருப்பாரா, அப்படியே மூளை இருக்குதா பாருங்க டாக்டர், இவ இல்லைன்னே சொல்லிகினு இருக்கா என்றார். டாக்டர் சிரித்தார். திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

சாம்பல் நிறம். நல்ல தோலில் செல்கள் தேன்கூடு மாதிரி வரிசையாக. ஓரத்தில் நூல் போன்ற ஒன்றுக்குள் புள்ளிகள் ஓடின. ரத்தம் என்றார். அந்த நொடியில் ஓடுகிற அவர் ரத்தம். இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தும் நான் பார்த்திராதது. குழல் கறுப்புக்கு நகர்ந்தது. வரிசை இல்லை. பெரிதும் சிறிதுமாய், வெள்ளையாய் மின்னி, கலைந்து. உயிரோடு. இதைத்தான் நான் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

புற்றாக இருக்கலாம், வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் உறுதி என்கிறார். வரும் வியாழக்கிழமை வெட்டுகிறார்கள். நான் தேய்த்ததால் வந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். நான்கு வருடம் தாமதமா என்று கேட்க வாய் வரவில்லை.

நீ கவலைப்படுவாய் என்றுதான் அவர் தொப்பி போடுகிறார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் முதுகில் இருக்கும் மச்சத்தை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. மலைமேல் இருப்பவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
கல்பனா

எழுதி முடித்துவிட்டு, ஈரத்துணியால் அவர் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தேன். அந்த இடத்தை மட்டும் தொடவில்லை.