மஞ்சூருக்கு ஃபைவ் நைன்

ஜூன் 3, ஞாயிறு

ஒருத்தியின் குரல் காதில் விழவில்லை என்றால், விழவில்லை என்று சொல்வதில் என்ன சிரமம்? காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூடுபனி. தூறல். துணி காயவில்லை. வெல்லம் தீர்ந்தது, நாளை வாங்க வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கோபம் ஏற ஏற, நானே கூட்டிக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

காலையில் வழக்கம்போல் ஹாம் ரேடியோவில் நெட். (இவர் முதன்முதலில் கேட்டபோது நான் சொன்ன விளக்கம்: பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான், ஆகாயத்தில் எடுக்கிறோம்.) ஊட்டியிலிருந்து வனஜா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். குன்னூர் நடராஜன், கோவைக்காரர்கள் மூவர், பிறகு நான். மஞ்சூரில் மழை, வெப்பநிலை இவ்வளவு, எல்லாருக்கும் வணக்கம் என்றேன். "வணக்கம் மஞ்சூர். ஃபைவ் நைன், அருமையா இருக்கு" என்றாள். ஐந்து என்றால் ஒரு சொல் விடாமல் புரிகிறது. ஒன்பது என்றால் எதிரில் நின்று பேசுகிற பலம். அதற்கு மேல் மார்க் கிடையாது. தினமும் எனக்கு அதுதான்.

நெட் முடிந்தது. மேஜையைத் துடைக்க உட்கார்ந்தேன், ரேடியோ செட்டை அணைக்கவில்லை. வழக்கமாக உடனே அணைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவேன். இன்று ஞாயிறு. வனஜாவும் நடராஜனும் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடராஜன்: "ஏனுங்க மேடம், இன்னிக்கு மஞ்சூர் டீச்சர் வந்தாங்களாங்க?"

வனஜா: "ஏதோ காத்தடிச்ச மாதிரி ஒரு சத்தம். அவ நேரத்துக்குத்தான் வந்துது. ஃபைவ் நைன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

"ஒரு வருஷமா நீங்களும் காத்துக்குத்தான் மார்க் போடறீங்க." சிரிப்பு.

"பாவங்க. அவளுக்கு வேற என்ன இருக்குது?"

மைக்கை எடுத்தேன். என் அழைப்புக் குறியைச் சொன்னேன். "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வனஜா" என்றேன். இரண்டு தடவை, தெளிவாக, வகுப்பறைக் குரலில்.

அவர்கள் ஊட்டியில் கேரட் விலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மதியம் உப்புமா.

ஜூன் 4, திங்கள்

பள்ளி திறப்பு. ப்ளஸ் ஒன்னில் சேர்க்கை குறைவு. தேயிலை விலை விழுந்ததிலிருந்து பலர் பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர் ஃபாக்டரியும் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. இன்று ஓடாத நாள்.

மாலையில் விஷயத்தை இவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தவறு.

"நீ பேசறது அடுத்த ரூம்ல எனக்கே கேக்கறதில்ல அம்மணி. ஊட்டிக்கு எப்படிக் கேக்கும்?"

ஆனால் சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஏணி வைத்து ஏறினார். ஆன்டெனா கம்பியும் கேபிளும் சேருகிற இடத்தில் சுற்றியிருந்த டேப் வெடித்துப் போயிருக்கிறது. கேபிளை அறுத்துத் தலைகீழாகப் பிடித்தார். தண்ணீர் சொட்டியது. போன வருட மழை உள்ளே இறங்கி, கம்பி பச்சை பிடித்திருக்கிறது.

இயற்பியல் கற்பிக்கிறவள் நான். அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டதால், நான் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும் என்றே இருந்துவிட்டேன். செத்த கேபிளாக இருந்தாலும் கேட்பதற்குப் போதும். பேசுவதற்குப் போதாது. என் செட்டிலிருந்து கிளம்புகிற பத்து வாட்டும் அந்த ஈரத்தைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். இது பாடப்புத்தக விஷயம். சந்தேகம் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். சந்தேகம் வரவிடாமல் தினமும் ஒரு குரல் ஃபைவ் நைன் என்று சொன்னது.

இப்போது ஞாபகம் வருகிறவை:

– பள்ளி ஆய்வகத்துக்கு மின்தேக்கி எங்கே கிடைக்கும் என்று நெட்டில் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

– பொங்கலன்று நான் சொன்ன ஒரே ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. ஜோக்கின் தரம் என்று நினைத்தேன்.

– இவருக்கு டைஃபாய்டு என்று சொன்ன காலையில் வனஜா "ரொம்ப சந்தோஷம்" என்றாள். பழக்க தோஷம் என்று மன்னித்தேன்.

கேபிள் எந்த மாதம் செத்தது என்று தெரியவில்லை. ஆகவே வந்த ஃபைவ் நைன்களில் எது நிஜம், எது பாவம் பார்த்தது என்றும் தெரியப்போவதில்லை. அதுதான் அதிகம் உறுத்துகிறது.

வெல்லம் வாங்க மறந்தேன்.

ஜூன் 5, செவ்வாய்

காற்று பலம். மதிய இடைவேளையில் எஸ்டிடி பூத். வனஜாவின் வங்கிக்குப் போன்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் கல்லூரி விடுதியில் அறைத்தோழி. இந்த ரேடியோப் பைத்தியத்தை என்னிடம் ஒட்டவைத்தவளே அவள்தான். மோர்ஸ் தந்திக் குறிகள் கற்க, ஞாயிறுதோறும் ஊட்டி பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். கரண்டியால் தம்ளரைத் தட்டித் தட்டிப் பழகினோம். இருவரும் சேர்ந்தே சென்னை போய்த் தேர்வு எழுதினோம். லைசென்ஸ் வருவதற்குள் போலீஸ் விசாரணை, "பொம்பளைக்கு எதுக்குங்க வயர்லெஸ்?" என்று ஏட்டு கேட்டது, எல்லாவற்றையும் சேர்ந்தே சிரித்துக் கடந்தோம். ஹாம்களின் பாஷையில் பெண் எந்த வயதானாலும் 'யங் லேடி'. ஐம்பதை நெருங்குகிற இரண்டு யங் லேடிகள் என்று சொல்லிக்கொள்வோம்.

"ஞாயித்துக்கிழமை நெட் முடிஞ்சும் நான் செட்டை அணைக்கல" என்றேன்.

யாரிடமோ கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு, "சகு, உனக்கு மனசு கஷ்டமாயிருமேன்னுதான்."

"எது கஷ்டம்? கேபிள் போயிருச்சுன்னா மாத்திட்டுப் போறேன்."

"அதில்லடி. வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். நீயும் எங்கயும் வர்றதில்ல, போறதில்ல. காலைல அந்த அஞ்சு நிமிஷமாவது சந்தோஷமா இருக்கட்டுமேன்னு…"

"யார் கேட்டா உன்கிட்ட?"

"உலகம் பூரா எல்லாரும் எல்லாருக்கும் ஃபைவ் நைன்தான் குடுக்கறாங்க. நீ மட்டும்தான் அதை நிஜம்னு எடுத்துக்குவே."

இது உண்மை. காதில் பாதிகூட விழாத ஜப்பான்காரனுக்கும் ஃபைவ் நைன் சொல்வார்கள். விருந்தில் சாப்பாடு பிரமாதம் என்பதுபோல ஒரு மரியாதை. ஆனால் ஜப்பான்காரன் அவளுடன் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்ததில்லை.

வைக்கப் போகும்போது சொன்னாள்: "இன்னொண்ணு சகு. மழைக்கால அவசரத் தொடர்புக்குக் கலெக்டர் ஆபீஸ்ல ஸ்டேஷன் லிஸ்ட் கேட்டாங்க. மஞ்சூருக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன். நல்லா கேக்குதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். போன மாசம்."

போனை வைத்தேன். மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் வழியில் ராசம்மா. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவள், இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அவள் மகள் என் மாணவி. கொழுந்து எடுக்க வேலை இல்லாத நாட்களில் விறகு சுமக்கிறாள். அவர்கள் லயத்துக்கு மேலேதான் போன வருடம் மண் சரிந்தது. ரோடு அடைத்து, போன் செத்து, ஆள் நடந்து போய்ச் சொல்லி உதவி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"இந்த முறை பயமில்ல தானே டீச்சர்? உங்கட வயர்லெஸ் இருக்குன்னு தாலுகா ஆபீஸ் கிளார்க் ஐயா சொன்னாரு. நாங்க லயத்தில எல்லாருக்கும் சொல்லிட்டோம்."

"பார்க்கலாம்" என்றேன். அவள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 6, புதன்

அரை நாள் லீவு. தாலுகா ஆபீஸ். கூரை ஒழுகுகிறது, ஃபைல்களுக்கு மேல் சாக்கு.

போன மழைக்கு மஞ்சூரில் ஒரு போலீஸ் வயர்லெஸ் ஜீப் நிறுத்தினார்கள். இந்த வருடம் அதை அவலாஞ்சிப் பக்கம் அனுப்பப்போகிறார்களாம். "இங்கதான் நீங்க இருக்கீங்களேங்க டீச்சர்" என்றார் கிளார்க்.

என் ஸ்டேஷன் ஊட்டிக்குக் கேட்பதில்லை, ஒரு வருடமாக, என்றேன்.

"அதெல்லாம் கேக்குங்க. நீங்க மனசை உட்றாதீங்க."

கிளார்க்குமா.

"மனசு இல்லங்க, கேபிள். என் பேரை எடுத்துடுங்க. ஜீப்பை இங்கேயே வைக்கச் சொல்லுங்க."

"ஊட்டி மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அவுங்க பொய் சொல்லுவாங்களாங்க?"

பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். காரணம்: கருவி பழுது. வனஜாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவளைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. எழுத எழுத அது என் வருத்தத்தைப் பற்றிய மனுவாக மாறிவிடும் போலிருந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் குன்னூர் வண்டிக் கண்டக்டர் கூப்பிட்டார். தோளில் கறுப்பாக ஒரு சுருள்.

"டீச்சர், எலக்ட்ரிக்கல் கடைக்காரர் நடராஜன் அண்ணன் குடுத்தாருங்க. புதுக் கேபிளாம். சீட்டுக்கு அடியில சுருட்டி வெச்சிருந்தேன், ஒரு பாட்டி பாம்புன்னு நெனச்சு காட்டேரிலயே எறங்கிட்டாங்க."

"ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி இருந்துது."

வனஜா அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்ததை நான் கேட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். கேபிளைத் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு கணம். பிறகு வாங்கிக்கொண்டேன். ரோஷத்தை ஆன்டெனாவில் கட்ட முடியாது.

வெல்லம், பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர், ரப்பர் டேப். வாங்கியாயிற்று.

ஜூன் 7, வியாழன்

இரவெல்லாம் மழை. பள்ளிக்கு மதியத்துக்கு மேல் விடுமுறை விட்டார்கள். கரண்ட் இல்லை.

இவரும் நானும் புதுக் கேபிள் கட்டினோம். இணைப்பில் ரப்பர் டேப், அதன் மேல் மெழுகு, அதன் மேல் பழைய சைக்கிள் டியூப். நான் ஏணியைப் பிடித்தேன். "என்னமோ ராக்கெட் உடற மாதிரி" என்று முனகிக்கொண்டே, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மழைநீர் வழிந்து வெளியே சொட்டுவதற்கு ஒரு வளைவு விட்டார். நான் சொல்லித் தரவில்லை. கேட்டேன். "ஃபாக்டரில எல்லா ஒயருக்கும் அப்படித்தான உடுவாங்க" என்றார்.

நாளைக் காலை நெட்டில் 'கேட்கிறதா' என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரியும். இனி அந்த எண்ணால் எனக்கு உபயோகமில்லை. அதற்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள் வாசிப்பேன். திரும்பச் சொல்லச் சொல்வேன். ஊகித்துச் சொல்ல முடியாத சொற்கள்.

நகவெட்டி. பதினேழு. மைதா. கொட்டாவி. தென்மேற்கு. ஜன்னல்.

முதலில் 'மழை' என்று எழுதி அடித்துவிட்டேன். மஞ்சூர் என்றால் யாரும் ஊகித்துவிடுவார்கள்.

செட்டை விற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். விற்றால், வேற என்ன இருக்குது என்று அவள் கேட்டது சரி என்று ஆகிவிடும். அது ஒரு காரணம். லயம் இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, வெள்ளி

மழை நிற்கவில்லை. கரண்ட் இன்னும் வரவில்லை, பேட்டரியில் பேசினேன்.

நெட்டில் வனஜா வரிசையாகக் கூப்பிட்டாள். என் முறை. நான் மைக்கைக் கையில் எடுத்தேன், இன்னும் பொத்தானை அழுத்தவில்லை.

"வணக்கம் மஞ்சூர். ஃபைவ் நைன்" என்றாள்.

இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நீ இன்னும் பேசவே இல்லியே அம்மணி" என்றார்.

பொத்தானை அழுத்தி ஆறு சொற்களையும் வாசித்தேன். திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.

முதலில் வந்தது குன்னூர். நடராஜன் ஐந்தைச் சரியாகச் சொன்னார். மைதாவை மட்டும் மைனா என்றார். "ஃபோர் செவன் குடுக்கலாங்க டீச்சர். நடுவுல ஒரு எடத்துல கரையுது. உள்ளதைச் சொல்றேன்." நன்றி சொன்னேன். நிஜமாகவே.

வனஜா ஆறையும் சொன்னாள். ஆனால் நடராஜனுக்குப் பிறகு சொன்னாள், அவளும் மைனா என்றாள்.

பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் போனேன். ஜீப் மஞ்சூரிலேயே நிற்கும், காலையில் உத்தரவு வந்துவிட்டது என்றார் கிளார்க். இப்போது என் ஸ்டேஷனும் கேட்கிறது, ஜீப்போடு கூட இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சில சொற்கள் தவறும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அப்ப நல்லா கேக்குதுன்னு யாரு சொன்னதாப் போடட்டுங்க? ஊட்டி மேடம் பேரு ஏற்கெனவே இருக்குது, அப்படியே உட்றட்டுங்களா?"

அதை அடித்துவிட்டுக் குன்னூர் நடராஜன் என்று போடச் சொன்னேன். அடித்தார்.