மூன்றாவது வீட்டுக் கொடி

முகாம்
3-7-71

அன்புள்ள ரத்னாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயரை எழுதக் கூடாதாம். சிப்பாய்கள் தெருச் சண்டை பழகுவதற்காக ஒரு பொய்த் தெரு கட்டுகிறோம். கோடம்பாக்கத்தில் சினிமா செட்டென்றால் முன்சுவரோடு வேலை தீர்ந்துவிடும்; இங்கே அடுப்படி, மாடிப்படி எல்லாம் வேண்டும். அப்படியும் கேப்டனுக்குத் திருப்தியில்லை, ஆள் வாழ்கிற வீடாகத் தெரியவில்லை என்கிறார். என் உதவியாள் பஞ்சாட்சரம் சாமான் வாங்க அங்கே வருகிறான். பழைய புடவை, நசுங்கிய குடம், எது இருந்தாலும் கொடுத்தனுப்பு.

உன் துரைராஜ்

மந்தைவெளி
16-7-71

அன்புள்ள மாமாவுக்கு,

அரண்மனை கட்டினவர் கிழிசல் கேட்கிறீர்கள். “பொடவ கட்டிக்கினா பட்டாளத்துல சண்ட போட்றாங்க?” என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா சிரிக்கிறாள். கேட்டதெல்லாம் பஞ்சாட்சரத்திடம் கொடுத்திருக்கிறேன். நம் புஷ்பத்தின் மஞ்சள் கவுனும் அதில் இருக்கிறது. காய்ச்சலில் அவள் போனதிலிருந்து பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எங்காவது ஒரு வீட்டுக் கொடியில் அது காயட்டும், மாமா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரத்னா

முகாம்
2-8-71

அன்புள்ள ரத்னாவுக்கு,

கோபமில்லை. மூன்றாவது வீட்டுக் கொடியில் போட்டேன். குழந்தைத் துணி காயும் வீட்டில் குண்டு வீசாமல், பார்த்து நுழைய வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். தடதடவென்று ஓடிவருகிறவர்கள் அந்த வாசலில் மெதுவாகிறார்கள். ஒரு சர்தார் பையன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டே உள்ளே போனான். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் நிற்கிறேன்.

துரைராஜ்

மந்தைவெளி
12-8-71

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். மழை வந்தால் கவுனை எடுத்து உள்ளே வையுங்கள். சாயம் போகிற துணி, வெயிலிலும் விட்டுவிடாதீர்கள். எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செய்யுங்கள்.

ரத்னா

முகாம்
5-9-71

ரத்னா,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. கவுனைக் கண்டால் பையன்கள் அசட்டையாகிவிடுகிறார்கள், எதிரியும் இப்படி ஒன்றைக் கட்டி ஏமாற்றுவான் என்று சொல்லி, கேப்டன் அந்த வீட்டுக்குள் ஆளை ஒளித்து வைத்தார். இனி அங்கேயும் குண்டு வீச வேண்டுமாம். கழற்றப் போனேன். அது இருந்தால்தான் பாடம் என்று என்னை விலக்கிவிட்டார்கள். புகைக்குண்டின் தீ பிடித்துக் கவுன் எரிந்துவிட்டது. வீசியது அந்தச் சர்தார் பையன்தான். நம் விஷயம் தெரியாமல், இன்னொரு கவுன் கிடைக்குமா என்று கேப்டன் கேட்கிறார்.

துரைராஜ்

மந்தைவெளி
14-9-71

மாமா,

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே. அனுப்பினவள் நான்தான். ஆனால் இன்னொரு கவுன் கொடுக்காதீர்கள், கடையில் வாங்கியும் கொடுக்காதீர்கள். வேலை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். புஷ்பம் போன அன்று நீங்கள் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தீர்கள். நான் ஒருத்தியாக அழுதேன். இந்தத் தடவையும் என்னைத் தனியாக அழ விடாதீர்கள்.

ரத்னா