பிரில்லியன்ட் என்ற சொல்லும் நான் சொன்ன பொய்யும்

இன்று திருத்த எடுத்த நோட்டு ஒன்றில் ஏரிச் சேற்று வாசனை. நம் ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுடையது. கட்டுரை அருமையாக இருந்ததால் சிவப்பு மையில் ‘பிரில்லியன்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, “மிஸ், இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றாள். அன்று கரையில் நின்று நீ கேட்டதும் இதேதான்.

அவளுக்கு ஒரு பீரியட் முழுக்கச் சொன்னேன். பளபளப்பது என்பதுதான் முதல் பொருள். இத்தாலியப் பேச்சிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் பெரில் என்ற கல்லின் பெயர் இருக்கலாமாம். நம் வைடூரியத்துக்கு உறவான அந்தப் பெயரே தென்னாட்டில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள், உறுதியில்லை. பட்டை தீட்டிய வைரத்துக்கும் பிரில்லியன்ட் என்ற பெயர் உண்டு. அறிவாளியை அப்படிச் சொன்னது பிற்பாடுதான்.

உனக்கு ஒரே வரிதான் சொன்னேன். அதுவும் பொய்.

நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். என்னோடு படித்த தோழி நீ, எட்டோடு நின்றவள். இருவரும் ஏரியில் எறா தடவி, சேற்றில் கைவிட்டு இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சிக்காகப் படகில் வந்த கல்லூரி சார், எறா இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்று உன்னைத்தான் கேட்டார். உன் இரண்டு கையும் சேற்றில்; பிடித்ததைப் போடும் ஓலைப்பறி உன் பல்லிடுக்கில். நான் முந்திக்கொண்டேன். “சேறு வழவழன்னு இருந்தா அங்க குந்து. நெரநெரன்னு பட்டா நகுந்துடு. தண்ணி ரொம்பக் கரிச்சாலும் நகுந்துடு” என்று காலையில் நீ சொன்னதை, நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். அவர் “பிரில்லியன்ட்” என்று என் பெயரைக் குறித்துக்கொண்டார். நீ பறியைக் கடித்தபடி ஆமாம் என்று தலையாட்டினாய்.

கரையேறியதும், “இன்னாடி சொன்னாரு அந்தாளு? இன்னா அர்த்தம்?” என்றாய்.

“எறா நல்லாக்கீதுனு சொன்னாரு.”

நீ அன்று பிடித்ததில் பெரியதாகப் பொறுக்கி இலையில் கட்டினாய். “பாவம், அவ்ளோ தூரத்துலருந்து வந்துகீறாரு. குடுத்துட்டு வா.” வெட்கமில்லாமல் வாங்கிப் போய்க் கொடுத்தேன். அவர் எழுதித் தந்த சிபாரிசுக் கடிதத்தைக் காட்டித்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் நீ போய்விட்டாய். எனக்குச் சேதி வந்தபோது காரியம்கூட முடிந்திருந்தது.

அந்தக் கடிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை. அவர் புகழ்ந்தது எறாவை இல்லடி. உன்னை.