கோசுமல்லி பிசைந்த கை

அன்புள்ள மன்னிக்கு,

அங்கே பசியும் ஜுரமும் உங்களை அண்டாது என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. ஒரு வாரமாக விளக்கேற்றிவிட்டுத் தலை குனிந்தே திரும்பிவிடுகிறேன்.

இந்த வருஷமும் ராமநவமி முடிந்து, நம் செம்பூர்க் கட்டடத்தில் இரண்டு பேருக்கு டைபாய்டு. முனிசிபாலிட்டியிலிருந்து ஒருவர் வந்து, பிரசாதம் செய்தவர்கள் எல்லோரும் மலம் பரிசோதனைக்குத் தர வேண்டும் என்றார். மடிப்புடவையோடு நின்ற என் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். அதுதான் வெட்கம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"எல்லார் குடல்லயும் கோடிக்கணக்கா கிருமி இருக்கு மாமி. முக்கால்வாசி நல்லதுதான், நமக்கு ஒத்தாசை பண்றது. உங்களுக்குச் சின்ன வயசுல டைபாய்டு வந்துதே, அந்தக் கிருமியும் போகாம உள்ளேயே குடித்தனம் பண்ணிண்டிருக்கு. உங்களை ஒண்ணும் பண்ணாது. உங்க கையால சாப்பிடறவாளைத்தான் படுத்தும்."

"குளிக்காம நான் அடுப்பங்கரைக்குள்ள போனதே இல்லையே டாக்டர்!"

"கைக்கு சோப்பு போடுவேளா?"

சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்குமென்று, சுவாமி காரியத்துக்கு வெறும் தண்ணீரில்தானே கை அலம்புவேன்? அந்தக் கையால்தான் கோசுமல்லி பிசைந்தேன். கொதித்திருந்தால் கிருமி செத்திருக்குமாம். ஊறின பயத்தம்பருப்பும் வெள்ளரிக்காயும் எங்கே கொதித்தன? போன வருஷம் முதல் பிடியை உங்கள் கையில்தானே வைத்தேன், மன்னி?

"போன வருஷம் எங்க மன்னி டைபாய்டுல போனாளே, அதுவுமா?" என்று கேட்டேன்.

"நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அப்படித்தான் இருக்கும்னு தோணறது" என்றார்.

பால்காரன் கணக்கில் ஒரு நயாபைசா விடாதவள், உங்கள் சாவுக்கு மட்டும் எவ்வளவு சுலபமாகக் கணக்கு எழுதினேன்! "குர்லா ஸ்டேஷன்ல பேல்பூரி தின்னா, போயிட்டா" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வாங்கித் தரச் சொல்லி உங்கள் கையைப் பிடித்து இழுத்தவள் உங்கள் பெண் வசந்தி. அவள் காதில் விழும்படிதான் சொன்னேன். ஒரு வருஷமாக அந்தக் குழந்தை எதற்குமே ஆசைப்படுவதில்லை. அதை அடக்கம் என்று மெச்சினேனே, நான் என்ன மனுஷி?

"வாயை மூடிண்டிரு. மாட்டுங்கால இருக்கற நம்ம மனுஷா வரைக்கும் சிரிப்பா சிரிக்கும்" என்கிறார் என் அகத்துக்காரர், உங்கள் மைத்துனர். சிரிக்கட்டும். நேற்று வசந்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நான் அம்மாவைக் கொல்லலையா சித்தி?"

இந்தக் கேள்வியோடா இத்தனை நாள் என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினாள்? "இல்லைடி கண்ணா" என்றேன். தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

மருந்து கொடுத்திருக்கிறார்கள். கிருமி போகலாம், போகாமலும் இருக்கலாம். இனி ராமனுக்கு என் கையால் நைவேத்தியம் கிடையாது. வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறேன். வராதவர்கள் வீட்டுப் படியேறிச் சொல்வேன். வசந்தி என்னை மன்னிக்க வேண்டாம். மறுபடி எதையாவது வேண்டும் என்று அடம் பிடித்துக் கேட்கும்வரை அவளைவிட்டு நகர மாட்டேன், மன்னி. இது சத்தியம்.

உங்கள் பெண்ணுக்குச் சித்தி என்று சொல்லிக்கொள்ளக் கூசும்,
உங்கள் ஓரகத்தி குஞ்சம்மாள்