ஸ்ம்பாத்தின் அம்மா அதட்டியது

தாலின், ஆர்மேனியா, அக்டோபர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

ஷகே எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெய்ரூட்டில் மழை தொடங்கிவிட்டதா?

1915 படுகொலையின்போது சாசூனிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளிடம் பாட்டுகளையும் நினைவுகளையும் இங்கே பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஸ்ம்பாத் என்ற ஆட்டுக்காரர் மட்டும் இரண்டு முறை விரட்டிவிட்டார். "எங்கம்மா சாகும்போது எனக்கு ஏழு வயசு. அவ குரல்கூட ஞாபகமில்ல. என்கிட்ட என்னத்தக் கேக்கப்போற? போம்மா!"

போன வாரம் யெரெவான் ஆவணக் காப்பகத்தில், நாற்பது வருடப் பழைய ஒலிநாடா ஒன்றில் அவருடைய அம்மா பாடியது கிடைத்தது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தொழுவத்தில் நின்றபடியே கேட்டார். நாடாவில் திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு அந்த அம்மாள், "டேய் ஸ்ம்பாத், குட்டிய விடுடா, கழுத்து வலிக்கும் அதுக்கு!" என்று அதட்டினாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ போடு."

அந்த அதட்டலை மட்டும் ஐந்து முறை கேட்டார். "அப்பவே திட்டு வாங்கின ஆளுதானா நீ?" என்று சிரித்த அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரே எனக்கு முக்காலி போட்டு, இருட்டும்வரை பேசினார்.

ஒலிநாடாவின் பழைய குறிப்பில் அந்த இடத்தை 'இடையூறு' என்று எழுதியிருந்தார்கள். 'மகனை அதட்டுகிறார்' என்று திருத்தினேன்.

குளிர் வந்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புங்கள். கூடவே ஒரு கேசட்டில் நீங்கள் பேசி அனுப்புங்கள். என்ன பேசுவதென்று யோசிக்க வேண்டாம். இன்னும் வீடு திரும்பாததற்கு என்னைத் திட்டினால் போதும்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் ஷகே